மெட்டாலிக் ஸ்ப்ரே அடித்த கார் பாகத்தில் குறையா? அடையாளத்தைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

காரின் பக்கக் கண்ணாடி மூடி, கதவுக் கைப்பிடி, பெட்ரோல் மூடி, பம்பர் ஓரம் போன்ற சிறு பாகங்களுக்கு வீட்டிலேயே டப்பா ஸ்ப்ரேயால் மெட்டாலிக் நிறம் அடித்துவருகிறேன். என் வேலையிலும் நண்பர்கள் கொண்டுவந்து காட்டும் பாகங்களிலும் திரும்பத் திரும்ப அதே குறைகள்தான் வருகின்றன. உங்கள் பாகத்தில் தெரியும் அடையாளத்தைத் தலைப்புகளில் தேடி, அங்கிருந்து படியுங்கள். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிட வேண்டும்.

## உப்புத்தாளை எடுக்கும் முன்: குறை எந்தப் பூச்சில் இருக்கிறது?

அடியில் பிரைமர், நடுவில் அலுமினியத் துகள் கலந்த நிறம், மேலே நிறமற்ற கிளியர். கிளியரில் உள்ள குறையைத் தேய்த்துப் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். நிறப்பூச்சில் உள்ள குறை அப்படிப் போகாது. உப்புத்தாள் பட்ட இடத்தில் துகள்கள் வெட்டுப்பட்டு, அந்த இடம் தனி நிறமாகத் தெரியும். அதன்மேல் மறுபடி நிறம் அடித்தே ஆக வேண்டும். சாதாரண வெள்ளை, சிவப்பு அடித்துப் பழகியவர்கள் மெட்டாலிக்கில் சறுக்குவது இங்கேதான். நிறத்தில் விழுந்த ஒரு தூசியைத் தேய்த்துவிட்டு நேராகக் கிளியர் அடிப்பார்கள். அந்தத் தேய்ப்பு கிளியருக்கு அடியிலிருந்து என்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கும்.

கிளியர் அடித்து நன்றாகக் காய்ந்த பாகமென்றால் ஓர் எளிய சோதனை போதும். குறையுள்ள இடத்தில் தண்ணீரைத் தடவுங்கள். ஈரம் இருக்கும்வரை குறை மறைந்தால் அது கிளியரின் மேற்பரப்பில் இருக்கிறது, பாலிஷுக்குக் கட்டுப்படும். நனைந்த பிறகும் அப்படியே தெரிந்தால் அது உள்ளே இருக்கிறது. அதற்குப் பாலிஷ் போடுவது வீண் உழைப்பு.

பூச்சு ஈரமாக இருக்கும்போது குறை கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். விரலால் தொடுவது, துணியால் ஒற்றுவது, இன்னும் கொஞ்சம் அடித்து மூடுவது என்ற மூன்றுமே சிறிய குறையைப் பெரிதாக்கும்.

முகத்தில் கரிம ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க் இருக்கட்டும். தூசிக்கான துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. காற்றோட்டம் வேண்டும், அருகில் நெருப்போ தீப்பொறியோ கூடாது. ஹார்ட்னர் கலந்து இறுகும் டூ-கே கிளியரை வீட்டில் அடிக்க வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமல் போனால், பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். வெளியிலிருந்து காற்று வரும் முகமூடியும் தனி அறையும் உள்ள பட்டறைக்கு உரிய வேலை அது. கீழே உள்ளவை எல்லாம் ஹார்ட்னர் இல்லாத சாதாரண டப்பாவுக்கானவை.

## நிறம் திட்டுத் திட்டாக, மேகம் படர்ந்ததுபோல் இருந்தால்

மெட்டாலிக்கில் மிக அதிகமாக வரும் குறை இது. முதலில் திட்டின் வடிவத்தைப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும்.

கை போன திசையில் வரிவரியாக இருந்தால் ஒரு வீச்சு அடுத்த வீச்சின்மேல் சரியாக ஏறவில்லை. ஒவ்வொரு வீச்சும் முந்தியதன் பாதி அகலத்தை மூட வேண்டும். பாகத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் தாண்டிய பிறகே விரலை எடுங்கள். மணிக்கட்டை ஆட்டினால் வீச்சின் நடுவில் பெயின்ட் அதிகமாகவும் முனைகளில் குறைவாகவும் விழும். தோளிலிருந்து கையை நகர்த்த வேண்டும்.

வட்ட வட்டமாகக் கருத்த திட்டுகள் இருந்தால் பூச்சு அங்கே அளவுக்கு மீறி ஈரமாகிவிட்டது. ஈரம் மிகுந்தால் துகள்கள் மிதந்து நகர்ந்து, ஓரிடத்தில் கூட்டமாகவும் இன்னோரிடத்தில் கலைந்தும் நிற்கும். டப்பாவை மிக அருகில் பிடித்திருப்பீர்கள், அல்லது ஒரே கையில், அதாவது ஒரே தடவைப் பூச்சில், முழுவதும் மூடிவிட அவசரப்பட்டிருப்பீர்கள். 20 முதல் 25 செ.மீ. தூரம், மெல்லிய மூன்று நான்கு கை, ஒவ்வொன்றுக்கும் இடையே 10 முதல் 15 நிமிடம் என்பதே என் கணக்கு. முதல் கையில் பிரைமர் பாதி தெரிவது சரியானதே. மனம் பொறுக்காமல் அதை மூடப்போவதால்தான் மேகம் படர்கிறது.

விளிம்புகள் மட்டும் கருத்திருந்தால் அங்கே இரண்டு பக்கத்திலிருந்தும் பெயின்ட் விழுந்திருக்கிறது. அடுத்த முறை விளிம்புகளை முதலிலேயே மெல்லியதாக அடித்துவிட்டு, பிறகு பரப்புக்கு வாருங்கள்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் நிறமே மாறி மாறி இருந்தால் டப்பாவைச் சந்தேகப்படுங்கள். அலுமினியத் துகள் சீக்கிரம் அடியில் படியும். உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கியதிலிருந்து முழு இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். ஒவ்வொரு கைக்கு முன்பும் மறுபடி குலுக்க வேண்டும். "குலுக்கினேன்" என்று சொல்பவரைக் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் 20 விநாடிதான் குலுக்கியிருப்பார். இதைவிட எளிய காரணம் கிடையாது என்பதால் இதை முதலில் விசாரியுங்கள்.

இனி சரிசெய்வது. இன்னும் கிளியர் அடிக்கவில்லை என்றால் பாகம் பிழைத்துவிட்டது. 15 நிமிடம் விடுங்கள். பிறகு டப்பாவை 30 முதல் 35 செ.மீ. வரை பின்னுக்கு இழுத்து, கையை வேகமாக நகர்த்தி, தூறல் விழுவதுபோல் மெல்லிய ஒரு தூவல் கை அடியுங்கள். முன்பு நெடுக்காக அடித்திருந்தால் இப்போது குறுக்காக. இந்தத் தூவலில் துகள்கள் எங்கும் ஒரே சீராக அமர்ந்து, அடியில் உள்ள மேகத்தை மறைக்கும். தேவையென்றால் பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. நேராக, பக்கவாட்டில், தாழ்ந்த கோணத்தில் என்று மூன்று விதமாகப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் கிளியரைத் தொட வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது வெயிலில் ஏமாற்றும்.

கிளியர் அடித்தாகிவிட்டதென்றால், மேகம் உள்ளே பூட்டப்பட்டுவிட்டது. இறுகக் காயவிட்டு, 800 எண் உப்புத்தாளால் தண்ணீர் ஊற்றி மட்டமாகத் தேய்த்து, மறுபடி நிறத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பானட், கதவு போன்ற அகலமான பரப்பில் இரண்டு முறை முயன்றும் வரிகள் வந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். டப்பாவின் விசிறல் மிகவும் குறுகலானது. அந்தப் பரப்புக்கு ஸ்ப்ரே கன்னும் அதைப் பிடித்துப் பழகிய கையும் வேண்டும்.

## அடித்த பாகம் காரின் நிறத்தோடு பொருந்தவில்லை

நிறக் குறியீட்டைச் சரிபாருங்கள். கதவைத் திறந்தால் தெரியும் சட்டத்திலோ, என்ஜின் மூடியின் அடியிலோ, டிக்கியிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும். நிறத்தின் பெயரை மட்டும் நம்பாதீர்கள்.

குறியீடு சரி, ஆனால் வெளுத்துத் தெரிகிறது என்றால் பூச்சு உலர்வாக விழுந்திருக்கிறது. கருத்துத் தெரிந்தால் ஈரமாக விழுந்திருக்கிறது. ஒரே டப்பா, ஒரே மனிதர், இரண்டு நாளில் இரண்டு நிறம் வருவது மெட்டாலிக்கில் சாதாரணம். ஆகவே பாகத்தில் அடிக்கும் அதே தூரத்தில், அதே எண்ணிக்கையில் ஒரு கெட்டி அட்டையில் அடித்து, அதன்மேல் கிளியரும் அடித்து, காய்ந்த பிறகு காரின்மேல் வைத்துப் பாருங்கள். கிளியர் இல்லாத மெட்டாலிக்கை ஒப்பிடுவதில் பயனே இல்லை. நேராகப் பொருந்திப் பக்கவாட்டில் பொருந்தாமல் போவதும் உண்டு. அட்டையைச் சாய்த்தும் பாருங்கள். இந்த அட்டைக்கு ஒரு மணி நேரம் போகும். அதைத் தவிர்த்துவிட்டு நான் செய்த எந்த வேலையும் எனக்குத் திருப்தி தரவில்லை.

அடுத்து பிரைமரின் நிறம். சாம்பல் பிரைமர்மேல் பாதி, வெள்ளை பிரைமர்மேல் பாதி அடித்தால், மூடும் வலிமை குறைந்த நிறங்களில் வித்தியாசம் தெரியும்.

அட்டையே காரோடு பொருந்தவில்லை என்றால் காரின் நிறம் வெயிலில் மங்கியிருக்கிறது, அல்லது அதே குறியீட்டில் சற்று மாறுபட்ட வகையில் உங்கள் கார் வந்திருக்கிறது. இதற்கு நிறம் கலப்பவரிடம் காரின் ஒரு பாகத்தையே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பக்கத்துப் பாகத்துக்குள் நிறத்தை மெல்ல இழுத்துக் கரையவிடும் வேலை தேவைப்பட்டால் அது பெயின்டரின் வேலை. நிறத்துக்கும் கிளியருக்கும் இடையே முத்துப்பூச்சு ஒன்றும் கொண்ட மூன்றடுக்கு நிறங்களையும் அவரிடமே விடுங்கள்.

## பரப்பில் சின்னச் சின்னக் குழிகள்

இதில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு.

பெயின்ட் விழுந்த சில விநாடிகளிலேயே வட்டமாக விலகி நின்றால் அது மீன்கண். அடியில் எண்ணெய், மெழுகு, சிலிகான் ஏதோ ஒன்று இருக்கிறது. காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள்: வெறும் கையால் தொட்டது, பழைய மெழுகுப் பாலிஷ் எஞ்சியிருப்பது, துணி மிருதுவாக்கியில் அலசிய துணியால் துடைத்தது, அதே இடத்தில் யாரோ டாஷ்போர்டு பாலிஷோ டயர் பளபளப்பியோ அடித்தது, கம்ப்ரசர் வைத்திருந்தால் அதன் காற்றுடன் வரும் எண்ணெயும் தண்ணீரும்.

இரண்டு மூன்று கண்கள் மட்டும் என்றால் 15 நிமிடம் விட்டு, தூரத்திலிருந்து உலர்வான தூவலாக இரண்டு மூன்று முறை அடித்தால் மூடிக்கொள்ளும். அதற்கு மேல் இருந்தால் காயவிட்டு, குழி மட்டமாகும்வரை 600 எண்ணில் தேய்த்து, 800 எண்ணில் முடித்து, நிறத்திலிருந்து தொடங்குங்கள். இங்கே வரிசை முக்கியம். தேய்ப்பதற்கு முன்பே எண்ணெய் நீக்கியால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்புத்தாளே மெழுகைக் கீறல்களுக்குள் திணித்துவிடும். தேய்த்த பிறகு மறுபடி ஒரு முறை. ஒரு துணியில் நனைத்துத் தடவி, அது உலர்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். ஒரே துணியால் செய்தால் எண்ணெய் இடம் மாறுகிறதே தவிரப் போவதில்லை. இரண்டு முறை முழுதாகச் சுத்தம் செய்தும் அதே இடத்தில் கண் திறந்தால் சிலிகான், பள்ளம் நிரப்ப வைத்த பட்டிக்குள்ளோ பழைய பூச்சுக்குள்ளோ ஊறியிருக்கிறது. அந்தப் பூச்சை அடிவரை எடுக்க வேண்டும், பெயின்டரிடம் கொடுங்கள்.

பல நிமிடம் கழித்து, கிளியரில் ஊசி குத்தியதுபோல் புள்ளிகள் வந்தால் அது அடியிலிருந்த தின்னர் வெளியேறிய வழி. கைகளுக்கிடையே நேரம் விடவில்லை, அல்லது அடித்தவுடன் வெயிலில் வைத்தீர்கள். மேற்பரப்பு முதலில் மூடிக்கொண்டதால் உள்ளிருந்த ஆவி அதைத் துளைத்துக்கொண்டு வந்தது. ஒரு வாரம் காயவிட்டுத் தண்ணீரோடு 1500 எண்ணில் தேய்த்துப் பாருங்கள். புள்ளி மறைந்தால் பாலிஷ். மறையாவிட்டால் மட்டமாக்கி மறுபடி கிளியர்.

## பெயின்ட் ஒழுகி வடிந்துவிட்டது

அருகில் பிடித்தது, கை மெதுவாகப் போனது, அல்லது பாகமும் டப்பாவும் குளிர்ந்திருந்தது. 18 முதல் 25 டிகிரி செல்சியஸ்வரை வேலைக்கு ஏற்ற சூடு.

கிளியரில் ஒழுகல் என்றால் ஒரு வாரம் பொறுங்கள். மேலே தோல் கட்டியிருந்தாலும் தடிப்பின் உள்ளே மிருதுவாகவே இருக்கும். அவசரப்பட்டுத் தேய்த்தால் பிய்ந்து பள்ளமாகும். பிறகு ஒழுகலின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சிறிய கட்டையில் சுற்றிய 1000 எண் தாளால் மேட்டை மட்டும் இறக்குங்கள். டேப்பின் உயரத்துக்கு வந்ததும் அதை எடுத்துவிட்டு 1500, 2000 எண் தாள்கள், அதன்பின் காம்பவுண்ட் என்னும் பாலிஷ் பசை. கட்டை இல்லாமல் விரலால் தேய்த்தால் மேடு அப்படியே இருக்க, சுற்றியுள்ள இடம் பள்ளமாகும். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் கிளியர் மெல்லியதாக இருக்கும். அங்கே தேய்ப்பு நிறத்தை எட்டிவிடும்.

நிறத்தில் ஒழுகல் என்றால் அடுத்த நாள் 800 எண்ணில் மட்டமாக்கி, அந்தப் பக்கம் முழுவதும் நிறம் அடியுங்கள். ஒழுகிய இடத்தில் மட்டும் அடித்தால் திட்டு விழும்.

## ஆரஞ்சுத் தோல்போல் மேடு பள்ளம், அல்லது சொரசொரப்பு

கிளியர் பளபளக்கிறது, ஆனால் பிம்பம் நெளிகிறது என்றால் பெயின்ட் பரந்து அமரும் முன்பே இறுகியிருக்கிறது. டப்பா தூரமாக இருந்திருக்கும், கை வேகமாகப் போயிருக்கும், அல்லது டப்பா குளிர்ந்திருக்கும். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் விசிறல் மென்மையாகும். அடுப்பிலோ கொதிநீரிலோ ஒருபோதும் வைக்காதீர்கள். 50 டிகிரிக்கு மேல் டப்பா வெடிக்கும் அபாயம் உண்டு. காய்ந்த பிறகு 1500, 2000, காம்பவுண்ட். இது தண்ணீர்ச் சோதனையில் மறையும் குறைகளில் ஒன்று.

நிறப்பூச்சே மணல்போல் சொரசொரத்தால் கிளியர் அடிக்காதீர்கள். கிளியர் அதை நிரப்பாது, மங்கலாகவே காட்டும். இன்னொரு கை நிறம், இம்முறை 20 செ.மீ. அருகிலிருந்து.

## பால் படர்ந்ததுபோல் வெளுத்துப்போனால்

காற்றில் ஈரம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, அதன்மேல் நீர் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. மழை நாளில் அடித்தீர்களா, குளிர்ந்த அறையிலிருந்து பாகத்தை எடுத்தவுடன் அடித்தீர்களா என்று பாருங்கள். சூடான, உலர்ந்த அறையில் ஒரு நாள் வைத்தால் லேசான வெண்மை தானாகத் தெளியும். தெளியாவிட்டால் 1500 எண்ணில் லேசாகத் தேய்த்து, உலர்ந்த நாளில் மெல்லிய கிளியர். அதற்கும் போகாவிட்டால் அது கிளியருக்கு அடியில் இருக்கிறது. நிறத்திலிருந்து தொடங்க வேண்டும்.

## பூச்சு சுருங்கி மடிந்துபோனால்

புதிய பூச்சின் தின்னர் பழைய பூச்சைக் கரைத்துத் தூக்கியிருக்கிறது. எளிய காரணம், இடைவெளி தவறியது: பல டப்பாக்களில் "ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கை, இல்லையேல் ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து" என்று இருக்கும். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் அரைகுறையாகக் காய்ந்த பூச்சு சுருங்கும். உங்கள் டப்பாவில் எழுதியிருப்பதே சட்டம்.

இன்னொரு காரணம், அடியில் உள்ள பழைய பெயின்ட் எப்படிப்பட்டது என்று தெரியாமல் அடித்தது. மறைவான இடத்தில் தின்னர் நனைத்த துணியை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிறம் துணியில் வந்தாலோ பரப்பு மிருதுவானாலோ, அதன்மேல் ஈரமாக எதையும் அடிக்கக் கூடாது. சுருங்கிய பூச்சு முழுவதையும் உறுதியான அடுக்குவரை எடுக்க வேண்டும். சுருக்கத்தின்மேல் பட்டி வைத்து மூடுவதைப் பார்த்திருக்கிறேன்; கொஞ்ச நாளில் அது பட்டியோடு கழன்று வரும்.

## உரிந்து வருகிறது

உரிந்த இடத்தருகே பிளேடால் சிறு கட்டங்களாகக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பிறகு டேப்பின் ஒட்டும் பக்கத்தைப் பாருங்கள்.

கிளியர் மட்டும் வந்தால், நிறம் அடித்து நெடுநேரம் கழித்துக் கிளியர் அடித்திருக்கிறீர்கள், அல்லது நிறம் சொரசொரப்பாக இருந்திருக்கிறது. உரிவது எல்லாவற்றையும் எடுத்து, தேய்த்து, மறுபடி ஒரு கை நிறம், நேரம் தவறாமல் கிளியர்.

எல்லாம் சேர்ந்து வந்து வெறும் பிளாஸ்டிக் தெரிந்தால், பாகத்தின் உட்புறம் வார்த்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். பி.பி. அல்லது பி.பி. + இ.பி.டி.எம். என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன் வகை; பல பம்பர்கள் அந்த வகைதான். அதில் சாதாரண பிரைமர் பிடிக்காது. பிளாஸ்டிக் பிடிமானப் பூச்சு ஒன்றை வெறும் பிளாஸ்டிக்கின்மேல் மெல்லியதாக அடித்த பிறகே பிரைமர் வர வேண்டும். ஏ.பி.எஸ். என்றிருந்தால் நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் போதும். புத்தம் புதிய பாகத்தில் அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசிய மெழுகும் இருக்கும்; சோப்புத் தண்ணீரில் கழுவி, எண்ணெய் நீக்கியால் இருமுறை துடைக்க வேண்டும்.

எல்லாம் வந்து உலோகம் தெரிந்தால், துருவைத் தேடுங்கள். பொட்டுப் பொட்டாக இருந்தால் சுரண்டி, துருத் தடுப்பு பிரைமர் போடலாம். தகடு ஓட்டையாகிவிட்டால் டிங்கரிங் பட்டறை.

## துப்பல், தூசி

டப்பா துளித் துளியாகத் துப்பினால் மூக்கைக் கழற்றித் தின்னரில் ஊறவையுங்கள். ஒவ்வொரு முறை முடித்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, காற்று மட்டும் வரும்வரை அழுத்துங்கள். கடைசி ஐந்தில் ஒரு பங்கு பெயின்டை இறுதிக் கைக்குப் பயன்படுத்தாதீர்கள். தூசி கிளியரில் என்றால் 2000 எண்ணும் பாலிஷும். நிறத்தில் என்றால் நீவி எடுத்துவிட்டு மேலே ஒரு தூவல் கை.

## வீட்டில் தொடவே கூடாத பாகமும், பெயின்டரிடம் சொல்ல வேண்டியதும்

முன்னால் போகும் வண்டியைக் கவனிக்கும் ரேடார், பம்பருக்குப் பின்னால் உள்ள கார்களில் அந்த பம்பருக்கு நீங்களாக மெட்டாலிக் அடிக்காதீர்கள். உலோகத் துகளும் பூச்சின் கனமும் ரேடார் அலையைப் பாதிக்கும். எத்தனை பூச்சு அனுமதி என்பதைக் கார் தயாரிப்பாளரே வரையறுத்திருப்பார்.

எந்தக் குறைக்காகவும் பாகத்தைப் பெயின்டரிடம் கொண்டுபோகும்போது, நீங்கள் அடித்த பிரைமர், நிறம், கிளியர் என்ற மூன்று டப்பாக்களையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். எந்த நாளில் எத்தனை கை அடித்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். டப்பா பெயின்டின்மேல் அவர் நேராகத் தன் டூ-கே பெயின்டை அடித்தால் அடியில் உள்ளது சுருங்கக்கூடும். முழுவதும் சுரண்டுவதா, தேய்த்துவிட்டு அடிப்பதா என்பதை அந்த டப்பாக்களைப் பார்த்துத்தான் அவர் முடிவுசெய்வார்.